கழுதைக் காயினுக்குக் காப்புக் கட்டிய முப்பத்து மூன்றாம் நாள்

தாராவி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சுடலைக்கண்ணன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா சண்முகவடிவின் மகள் பேராச்சி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், நீங்கள் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் ஆகிய நால்வரும் சுகம். நால்வரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு மாதமாக உடம்பு கொதிக்கிறது. கல்யாணில் நீங்களும் அத்தையும் இந்த மழைக்குச் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பக்கத்தில் இருக்கிற கல்யாணுக்குப் போன் போடாமல் இந்தப் பிள்ளை லெட்டர் எழுதுகிறதே என்று நினைக்க வேண்டாம் மாமா. போனில் எனக்கு "ம்" தவிர வேறு வார்த்தை வராது என்பது உங்களுக்கே தெரியும். போன பொங்கலுக்கு நீங்கள் "நல்லாருக்கியா" என்று கேட்டதற்கு "ம்" என்றேன், "சாப்பிட்டியா" என்று கேட்டதற்கு "ம்" என்றேன், "யாரு பேசுதது, அக்காவா, பேராச்சியா" என்று கேட்டதற்கும் "ம்" என்றேன். நீங்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். லைன் சரியாகத்தான் இருந்தது. அதோடு எங்கள் வீடு ஒரே அறை. போனில் மூச்சு விட்டால்கூட நாலு பேருக்குக் கேட்கும். இது அப்பா காதில் விழக்கூடாத விஷயம். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கூச்சம் கிடையாது. எட்டாவது வரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தேனே, அதில் மிச்சம் இருப்பது இந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரில் அதை ஏற்றிவிட்டுப் போனீர்கள் அல்லவா, அன்றிலிருந்து எனக்கு வந்த அதிர்ச்சிகளை வரிசையாகச் சொல்கிறேன். நீங்கள் அப்பாவுக்குச் சொன்னது எனக்கு ஓரளவு புரிந்தது. இது கையில் பிடிக்கிற காயின் இல்லை. உலகம் முழுக்கப் பல பேர் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் விடாமல் ஏதோ கணக்குப் போடும், கணக்குப் போட்ட கூலியாக அந்தந்தக் கம்ப்யூட்டரில் காயின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், அதற்குப் பெயர் மைனிங். யாரோ வேடிக்கைக்குப் புதிதாக விட்ட காயின் இது, பெயர் டாங்கூ, படம் கூலிங் கிளாஸ் போட்ட கழுதை. இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரிந்தது வேறு. நீங்கள் டீ குடித்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போது, "அத்தான், நாப்பது நாள் பக்கம் இது அணையாம ஓடணும், நடுவுல அணைச்சா அம்புட்டும் போச்சு" என்றீர்கள். உங்களுக்கு அது போகிற போக்கில் சொன்ன வார்த்தை. அப்பாவுக்கு அது விரதம். நீங்கள் சயான் ஸ்டேஷனில் வண்டி ஏறியிருக்க மாட்டீர்கள், அதற்குள் அப்பா குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசி வந்து கம்ப்யூட்டர் முன்னால் நின்றார். "நாப்பதுன்னு ஒரு கணக்குக் கெடையாது. மாப்ள சின்ன ஆளு, தெரியாமச் சொல்லிட்டான். நாப்பத்தொண்ணு" என்றார். பிறகு ஊரில் அம்மன் கொடைக்குக் கட்டுவதுபோல மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து பெட்டியைச் சுற்றிக் காப்புக் கட்டப் பார்த்தார். கயிறு எட்டவில்லை. பின்னால் போய் கரண்ட் வயரில் கட்டினார்.

காப்புக் கட்டிவிட்டால் என்ன சட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடிகிற நாள் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது, வீட்டில் மீன் வாடை வரக்கூடாது, வெளியூரில் படுக்கக் கூடாது. கம்ப்யூட்டர் எப்படியும் மீன் தின்னப்போவதில்லை, வெளியூர் போகப்போவதில்லை. அதனால் சட்டம் முழுக்க எங்கள் தலையில் விழுந்தது. மழைக்குப் பொம்பில் மீன் மலிவாக வருகிற நேரம் மாமா. அம்மா கருவாட்டு டப்பாவைத் துணியில் சுற்றி, பாலிதீனில் சுற்றி, அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டு அந்தத் திசையைப் பார்க்காமல் நடக்கிறாள்.

முதல் நாளே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. மானிட்டருக்குச் செவ்வந்தி மாலை போட்டுச் சூடம் காட்டினார் அப்பா. உலை வைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது, கழுதைக்கு மாலை போட்டுருக்கீய! கழுத மேல ஏறி வாறது யாருன்னு தெரியுமா? மூதேவி! வெளக்கு வைக்கிற வீட்டுல மூதேவி வாகனத்தக் கொண்டாந்து நடுவுல வச்சுருக்கீய!" அப்பா சூடத்தட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "ஏட்டி, எங்க மொதலாளி பெல்ட்டு கார்கானாவுல வாசல்ல என்ன படம் மாட்டிருக்கு? கழுதப் படம். கீழ என்ன எழுதிருக்கு? 'என்னைப் பார் யோகம் வரும்.' பாத்தாரு, வந்துச்சு, மூணு மெஷின் வாங்கிட்டாரு. அது கண்ணாடி போடாத கழுத. இது கண்ணாடி போட்ட கழுத. இதுக்கு எம்புட்டு யோகம் இருக்கும், நீயே ரோசன பண்ணு." அம்மா ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். "கண்ணாடி கழுதைக்கு வேண்டாம், உங்களுக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு உலைக்குத் திரும்பிவிட்டாள்.

அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஆனால் அது உண்மை மாமா, அப்பாவுக்கு உண்மையிலேயே சரியாகத் தெரியவில்லை. திரையில் ஏறுகிற எண்ணை அப்பா கரண்ட் மீட்டர் படிக்கிற மாதிரி படிக்கிறார். மீட்டரில் முன்னால் எத்தனை சுழி இருந்தாலும் கணக்கில்லை அல்லவா? அதே மாதிரி இதிலும் முன்னால் இருக்கிற சுழியையும் புள்ளியையும் தள்ளிவிட்டு மிச்சத்தைப் படிக்கிறார். இன்று காலையில் திரையில் இருந்தது 0.0381. அப்பா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு போனது முந்நூற்று எண்பத்தொரு கழுதை. பத்துக் கழுதை சேர்ந்தால்தான் வெளியே எடுக்க முடியும் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா நம்மிடம் முந்நூற்று எழுபத்தொன்று உபரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதே வேகத்தில் போனால் ஒரு முழுக் கழுதை வர இரண்டு வருஷம் நாலரை மாசம் ஆகும். பத்துக் கழுதை வரும்போது எனக்கு நாற்பது வயது. கணக்குத் தப்போ என்று திரும்பப் போட்டேன், திரும்பவும் எனக்கு நாற்பது வயதுதான் வந்தது. இதை அப்பாவிடம் சொல்லலாம் என்று மூன்று தடவை பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் அவர் சந்தோஷமாக இருந்தார். நான் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மாலையில் இருந்து உதிர்ந்த பூ மூன்றாம் நாள் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற காற்றாடிக்குள் போய்விட்டது. கரகரவென்று சத்தம், கருகல் வாடை, அப்புறம் காற்றாடி செவ்வந்தி இதழ்களைப் பின்பக்கமாக வீடு முழுக்கத் துப்ப ஆரம்பித்தது. அப்பா, "பாத்தியாட்டீ, பூ உத்தரவு குடுக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான்தான் பெயிண்ட் பிரஷ்ஷை எடுத்து, ஓடுகிற மெஷினை நிறுத்தாமல், விரல் போகாமல், இதழ் இதழாகத் தட்டி எடுத்தேன். ஒரு தடவை இடது கையில் கரண்ட் சுள்ளென்று அடித்தது. அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் அதுதான் சின்னது.

ஆரம்பத்தில் நான் தைரியமாகத்தான் இருந்தேன் மாமா, ஏனென்றால் அம்மா என் பக்கம். நாங்கள் மாவு அரைத்து விற்கிற வீடு. கிரைண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே லைன். இரண்டும் சேர்ந்து ஓடினால் லைட் மங்கிப் பீஸ் போகிற மாதிரி ஆகும். அதனால் விரதம் முடிகிற வரை கிரைண்டர் ஓடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா கிரைண்டரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வந்தனா தாயி வீட்டில் வைத்து அரைத்து, மாவை மட்டும் தூக்குவாளியில் திரும்பத் தூக்கி வந்தாள். வரும்போது வாசலில் நின்று கம்ப்யூட்டரைப் பார்த்து அவள் சொல்கிற வார்த்தைகளை நான் லெட்டரில் எழுத முடியாது. இன்னும் ரெண்டு நாளில் அம்மாவே இதைப் பிடுங்கி எறிந்துவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாவு பொங்கியது. இந்த மழையில் மாவு புளிக்கப் பத்து மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்கு இடம் இல்லாமல் அம்மா ஒரு வாளியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள். காலையில் வைத்தது, மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது மூடி தானாக எழும்பி நிற்கிறது. அம்மா சோற்றுக் கையோடு எழுந்து போய் மூடியைத் திறந்தாள். மாவு பஞ்சு மாதிரி, வாளி விளிம்புக்கு மேலே ஒரு விரற்கடை நிற்கிறது. அம்மா மாவைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், திரும்ப மாவைப் பார்த்தாள். சாயங்காலம் பார்க்கிறேன், நாலு வாளி நாலு பக்கமும் நிற்கிறது, நடுவில் கழுதை. மறுநாள் காலையில் அப்பா சூடம் காட்டும்போது அம்மா பின்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னம்மா, மூதேவி வாகனம்னு சொன்னியே" என்று கேட்டேன். "வாயக் கழுவுட்டி. நாலு வீட்டுக்குச் சோறு போடுத சாமிய அப்படிச் சொல்லலாமா" என்றாள். அன்றோடு அம்மா கட்சி மாறிவிட்டாள் மாமா.

அம்மா போனால் என்ன, வந்தனா தாயி இருக்கிறாள் என்று நினைத்தேன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் தகரச் சுவர் ஒன்றுதான். சூடு அந்தப் பக்கமும் போகிறது என்று இரண்டு தடவை வந்து சண்டை போட்டவள். மூன்றாம் தடவை வருவாள், அதோடு முடியும் என்று காத்திருந்தேன். அவளும் வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய அப்பளம். மழை பிடித்ததிலிருந்து காய வைக்க இடமில்லாமல் அப்பள வேலையை விட்டிருந்தவள், தகரச் சுவரில் வரிசையாக ஒட்டவைத்திருக்கிறாள், ஒரே நாளில் காய்ந்துவிட்டதாம். "கம்ப்யூட்டர் பந்த் நகோ கரூ ஹா, பேராச்சி" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நிறுத்தாதே என்கிறாள். என்னிடம். நான் எதையாவது நிறுத்தி அவள் எப்போது பார்த்தாள்?

மாடியில் வாடகைக்கு இருந்து தையல் போடுகிற முகம்மது ஹனீப் சாச்சாவை நான் கடைசியாக நம்பினேன். அவருக்கும் எங்கள் லைன்தான், இஸ்திரிப் பெட்டி போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவர் ஏணியில் இறங்கி வந்து அப்பாவிடம் பேசியபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "பாண்டியன் பாய், யே கப் தக் சலேகா?" எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார். அப்பா கை நீட்டிக் காப்பைக் காட்டி, "உபவாஸ் ஹை பாய். இக்தாலிஸ் தின்" என்றார். நாற்பத்தொரு நாள் விரதமாம். சாச்சா சட்டென்று குரலைத் தாழ்த்திவிட்டார். "அச்சா, அச்சா. விரதம்னா நான் என்ன சொல்ல. நாங்களும் நோன்பு பிடிக்கிற ஆளுங்கதானே" என்று இஸ்திரியைக் கரண்ட் நன்றாக வருகிற விடிகாலைக்கு மாற்றிக்கொண்டார். அதோடு விட்டாரா? தூசி படக்கூடாது என்று மிச்சத் துணியில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார். கீழே சுருக்கு வைத்த பிரில், பக்கத்தில் பித்தளை பட்டன். போட்டுவிட்ட பத்தாவது நிமிஷம் பெட்டி மூச்சுத் திணறிக் கத்த ஆரம்பித்தது. எல்லாரும் சாமி வந்திருக்கிறது என்றார்கள். நான் யாரும் பார்க்காதபோது கத்திரிக்கோலால் கவுனின் முதுகில் ஆறு ஓட்டை போட்டேன். சாச்சாவுக்கு இன்னும் தெரியாது.

நீயே பேசாமல் சுவிட்சை அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அணைக்க முடியாதபடி செய்ததும் நீங்கள்தான். அப்பா போனில் ஒன்று போட்டுக் கொடுத்தீர்களே, மைனிங் நின்றால் அது கழுதை மாதிரி கத்துகிறது. பதினெட்டாம் நாள் கேபிள்காரர் நெட் கொஞ்ச நேரம் போனதும் அப்பா சட்டைப் பையில் கழுதை கத்தியிருக்கிறது. பெல்ட்டு வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், தோல் வெட்டுகிற கத்தி கையில் இருப்பதுகூடத் தெரியாமல், செருப்பு இல்லாமல், மழையில், தொண்ணூறடி ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடி வந்தார். கத்தியோடு ஒருவர் ஓடி வருவதைப் பார்த்துச் சந்தில் எல்லாரும் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்னாலேயே அவர் கார்கானா ஆட்கள் நாலு பேர், யாரோ பாண்டியனை அடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வீட்டுக்குள் வந்து நின்று, திரையைப் பார்த்து, மூச்சு வாங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "யாரு தொட்டா?" நான் யாரும் தொடலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது.

மாமா, இவ்வளவும் எழுதியது எதற்கு என்றால், உண்மையான விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. அதை எழுதக் கை கூசியதால்தான் கழுதையைப் பற்றி இவ்வளவு எழுதினேன்.

எனக்குப் பத்தாவது பரீட்சை எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் வீட்டிலிருந்தே எழுதுவதற்குப் பதினேழாம் நம்பர் பாரம் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரை உங்கள் ஐரோலி கம்பெனியில் கழித்துப்போட்டபோது "பேராச்சி டைப்பிங் பழகட்டும்" என்று நீங்கள் வாங்கி வந்து கொடுத்தீர்கள் அல்லவா, அன்றிலிருந்து டைப்பிங் பழகுகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பாரத்தைத்தான். பாதி போட்டுவிட்டேன். பெயர், பிறந்த தேதி, ஆதார், பள்ளிக்கூட சர்டிபிகேட் போட்டோ, எல்லாம் உள்ளே ஏற்றி வைத்திருக்கிறேன். மிச்சத்தை மறுநாள் போடலாம் என்று இருந்தபோதுதான் நீங்கள் கழுதையோடு வந்தீர்கள். இப்போது பாரத்தைத் திறந்தால் ஒரு எழுத்து அடிக்க ஒரு நிமிஷம் ஆகிறது. கழுதை முழு கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடுகிறது. இருபத்தாறு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கடைசி நாள் நாளை மறுநாள், சனிக்கிழமை. இதை விட்டால் இன்னும் ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் எனக்குப் பதினெட்டு முடிந்துவிடும், அப்புறம் வீட்டில் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியும்.

கடையில் போய்ப் போடலாமே என்று கேட்காதீர்கள், போனேன். கம்ப்யூட்டர் கடையில் இருக்கிற நிகில், எங்கள் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே மேல் மாடியில் மராத்தி வகுப்பில் படித்தவன். இப்போது பன்னிரண்டாவது. "க்யா சாஹியே?" என்ன வேண்டும் என்று கேட்டான். பத்தாவது பாரம் என்று சொல்லத்தான் போனேன். பின்னால் நாலு பேர் நின்றார்கள். ஆதார் கார்டை நீட்டி "ஜெராக்ஸ்" என்றேன். "எத்தனை?" மூணு. மறுநாள் போனேன், மூணு. அதற்கு மறுநாளும். நாலாவது நாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மூணு ஜெராக்ஸ் எடுத்து நீட்டிவிட்டான். வீட்டில் இப்போது பன்னிரண்டு பேராச்சி இருக்கிறார்கள். ஒருத்திக்கும் பேச வராது.

ஆகவே மாமா, உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அப்பா யார் சொன்னாலும் கேட்க மாட்டார், நீங்கள் சொன்னால் கேட்பார். சனிக்கிழமைக்குள் ஒரு போன் போட்டு, அரை மணி நேரம் அணைத்தால் ஒன்றும் ஆகாது, காயின் அப்படியே இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள். பாரம் பற்றிச் சொல்லாதீர்கள். புள்ளி பற்றியும் சொல்லாதீர்கள். அது தெரிந்தால் அவர் முகம் எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. என்னைப் பற்றியே சொல்லாதீர்கள். கம்ப்யூட்டருக்கு ஓய்வு வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

அத்தைக்கு என் அன்பு. ஊரிலிருந்து யாராவது வந்தால் விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளையார் முதற்கொண்டு நம் குலதெய்வம் வரை எல்லாரும் உங்களுக்கு நல்ல புத்தியும், போனில் நல்ல சிக்னலும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்
பேராச்சி

பின்குறிப்பு, வெள்ளிக்கிழமை: மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். போன் போட வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

இந்த லெட்டரை உறையில் போட்டு, தினமும் கல்யாணுக்கு வேலைக்குப் போகிற மாலதி அக்காவிடம் கொடுத்தேன். உறை மேல் உங்கள் விலாசத்தைத் தமிழில் எழுதியிருந்தேன். மாலதி அக்கா தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்க ஒரு எழுத்துத் தெரியாது, இந்தியில் படித்தவள். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கார்கானாவில் நுழைந்து, "சித்தப்பா, இதுல என்ன எழுதிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்று அப்பாவிடமே நீட்டியிருக்கிறாள். அப்பா விலாசத்தைப் படித்தார். மச்சினனுக்கு வீட்டிலிருந்து லெட்டர், நமக்குத் தெரியாமல் என்ன என்று உறையைப் பிரித்து மிச்சத்தையும் படித்தார்.

பத்து மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். கையில் என் லெட்டர் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏ பிள்ள, அந்தப் புள்ளி நெசமாவே புள்ளியா?"

"ஆமாப்பா."

"முந்நூத்தி எண்பத்தொண்ணு இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வாளியோடு நின்றவள், "என்னத்தப் பேசுதீய ரெண்டு பேரும்?" என்று கேட்டாள். அப்பா பாரம் விஷயத்தை அம்மாவுக்குச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, இத வாயத் தொறந்து சொல்லத்தானே ஆண்டவன் வாயக் குடுத்துருக்கான்! லெட்டர் எழுதுதாளாம் லெட்டர்!" என்று திட்டிக்கொண்டே நாலு வாளியையும் நகர்த்தினாள். அப்பா பெட்டிக்குப் பின்னால் போனார். காப்பை அவிழ்க்க முடிச்சு வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தார். "தெய்வக் குத்தம்னா என்னோட போகட்டும்" என்று அவரே கழுதையை நிறுத்தச் சொன்னார். சட்டைப் பையில் போன் கத்த ஆரம்பித்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டார். சாச்சா மாடியிலிருந்தும் வந்தனா தாயி பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள்.

பாரம் போடுவதற்கு முன்னால் அப்பா என்னை உட்கார வைத்து லெட்டரில் சில திருத்தங்கள் சொன்னார், அவற்றை எழுதாமல் அனுப்பக் கூடாது என்பது அவர் உத்தரவு. கத்தியோடு ஓடவில்லை, கையில் கத்தி இருந்தது, அவர் ஓடினார், இரண்டும் தனித்தனி. மூதேவி பற்றி அம்மா சொன்னதை முழுக்க அடித்துவிடவும். கண்ணு தெரியவில்லை என்பதும் தப்பு, புள்ளி சின்னதாக இருக்கிறது.

பிறகு பாரம் போட்டோம். கழுதை இல்லாத கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் "இது என்ன கேக்கான்?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். கொரோனா வந்தபோது பாடமெல்லாம் போனில் நடந்தது, வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, எட்டாவதை எப்படியோ ஒப்பேற்றினேன், அதற்கு மேல் முடியவில்லை, உங்களுக்குத் தெரியும். "உள்ளதப் போடு பிள்ள" என்றார் அப்பா. அப்போது பாடம் படிக்க வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று கம்ப்யூட்டரில் அடித்தேன்.

மொத்தம் பதினொரு நிமிஷம். பச்சை எழுத்தில் என் பெயரும் ஒரு நம்பரும் வந்து நின்றன. அப்பா அதை நம்பவில்லை. "இது இனி எத்தனை நாளு அணையாம ஓடணும்?" என்று கேட்டார். ஓட வேண்டாம், இப்போதே அணைக்கலாம் என்றேன். அவருக்கு வந்த அதிர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மாமா, புள்ளிக்குக்கூட அவ்வளவு வரவில்லை.

"அணைச்சாலும் நிக்குமா?"

"நிக்கும்பா."

"எங்க, அணை பாப்போம்."

மூன்று தடவை அணைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்று தடவையும் என் பெயர் அங்கேயே இருந்தது.